மூன்றாவது ஸ்லைடு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். பெயர் பதிவேடுகளில் மட்டும் இருந்தது. இங்கேயும் அக்கா என்றே எழுதுகிறேன்.

அக்காவுக்கு எதையும் முதல் தடவையிலேயே நம்பும் பழக்கம் கிடையாது. கம்பெனி பஸ் தினமும் அதே நேரத்துக்கு, அதே டிரைவரோடு தச்சூர் கூட்டுரோட்டுக்கு வரும். ஏறும்போது, "கும்மிடிப்பூண்டிதானே?" என்று ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். வெளியே மழை என்று யாராவது சொன்னால் ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பார். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அக்கா இழுத்துப் பார்த்துவிட்டுப் பத்தடி நடந்து, திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். நான் திருவள்ளூர் மணவாள நகரில் பஸ் ஏறி, பெரியபாளையம் தாண்டியும் தூங்கி, அவர் ஏறும் சத்தத்தில் விழிப்பேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் நாஷ்டா ஆயிற்றா என்று கேட்பார். ஆயிற்று என்றால் என்ன சாப்பிட்டேன் என்பார். சொன்னால்தான் நம்புவார்.

நான் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு நோய்க்குறியியலில் மேற்படிப்பு முடித்திருந்தேன். மருந்து கம்பெனிகளுக்காக எலிகளில் சோதனை செய்து கொடுக்கும் கூடம் அது. தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு நடுவே, கரித்தூள் உள்ளே வராதபடி ஜன்னல்களை அடைத்து ஏசி போட்ட கட்டடம். எலியின் உறுப்பு பதப்படுத்தப்பட்டு, மெழுகில் புதைத்த சின்னக் கட்டியாக அக்காவிடம் வரும். அவர் அதை மைக்ரோடோமில் பொருத்தி, முடியைவிட மெல்லிய ஏடுகளாகச் சீவுவார். சீவல் வெதுவெதுப்பான தண்ணீரில் நாடா போல் மிதக்கும். அதைக் கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி, சாயம் ஏற்றி என் மேசைக்கு அனுப்புவார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து என்ன இருக்கிறது என்று எழுதுவது என் வேலை. பதவியில் நான் மேலே. வயதில் அவர் என்னைவிடப் பதின்மூன்று வருஷம் மூத்தவர்.

ஒரு ஸ்லைடில் லேசாகச் சந்தேகம் வந்தாலும் அக்கா, "இன்னொரு கட்டிங் போட்டுப் பாத்துடலாம்" என்பார். டாஸ்மாக்கில் அரைக் குவார்ட்டருக்கும் அதே சொல்தான் என்பதால் கூடத்துப் பையன்கள் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்கள். அக்கா சிரிக்கமாட்டார். கட்டியைத் திரும்பப் பொருத்தி, இன்னும் ஆழத்துக்கு இறங்கி, வேறு ஒரு ஏடு எடுப்பார். மேலே இல்லாதது கீழே இருக்கலாம் என்பது அவர் கணக்கு.

நான் சேர்ந்த இரண்டாம் வருஷம் கர்ப்பப்பை ஆய்வு ஒன்று வந்தது. பெண்களுக்குக் கர்ப்பப்பையின் உட்பூச்சு அளவுக்கு மீறித் தடித்து வளரும் நோய் இருக்கிறது. மாதக்கணக்கில் ரத்தம் போகும். சிலருக்கு அது புற்றுநோயில் கொண்டுபோய் விடும். இதற்கு ஒரு கம்பெனி புது மருந்து ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது. பெட்டை எலிகளின் சூல்பையை எடுத்துவிட்டு, ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டு, உட்பூச்சைத் தடிக்க வைத்தோம். பிறகு ஐந்து குரூப்பாகப் பிரித்தோம். மூன்று குரூப்புக்குப் புது மருந்து, வேறு வேறு அளவில். நான்காவதற்கு எதுவும் இல்லை. ஐந்தாவதற்கு ஏற்கெனவே டாக்டர்கள் பெண்களுக்கு எழுதித் தருகிற பழைய ஹார்மோன் மாத்திரை. கடைசியில் எல்லா எலிகளையும் கொன்று கர்ப்பப்பையை எடுத்தோம்.

அக்கா எலிகள் இருக்கும் பக்கம் போனதே இல்லை. உயிரோடு பார்த்தால் கை நடுங்கும் என்பார். ஆனால் அந்த ஆய்வின் கட்டிகள் வந்தபோது எப்போதையும்விட மெதுவாக வேலை செய்தார். நான் அவசரப்படுத்தினேன்.

"பொட்டச்சி வயித்துல இருந்து வந்தது இது. ரெண்டு தபா பாத்தா இன்னா கெட்டுப் போவுது?" என்றார்.

புது மருந்து கொடுத்த எலிகளின் ஸ்லைடுகள் சுத்தமாக இருந்தன. உட்பூச்சு மெலிந்து, சுரப்பிகள் சுருங்கி, ஆரோக்கியமான எலியுடையது போலவே தெரிந்தது. ஆய்வுத் தலைவர் என் மேசைக்கு வந்து தானும் பார்த்துவிட்டு அன்று மாலையே அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தார். எல்லோருக்கும் பால்கோவா வந்தது. அக்கா தன் பங்கை டிபன் டப்பா மூடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கட்டிங் போட வேண்டும் என்றார். தலைவர் தேவையில்லை என்றார். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் சீக்கிரம் வந்து ஆழத்தில் இறங்கிச் சீவி, நான் வருவதற்குள் ஒரு தட்டு நிறைய ஸ்லைடுகளை என் மேசையில் வைத்திருந்தார்.

கீழே நோய் இருந்தது. நான்கு எலிகளில் தடித்த சுரப்பிகள் கும்பல் கும்பலாக அப்படியே இருந்தன. எங்கள் விதிப்படி ஒரு கர்ப்பப்பையில் எந்த இடம் மிக மோசமாக இருக்கிறதோ அதை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். அது ஒரு மூலையில் கடுகளவு இருந்தாலும் சரி. நான்கையும் மாற்றி எழுதினேன். தலைவர் மூன்று நாள் எங்கள் இருவரோடும் பேசவில்லை. கடைசியில் அறிக்கை உண்மையாகத்தான் போனது. சில மாதத்தில் அந்தக் கம்பெனி மருந்தைக் கைவிட்டது. எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம். பஸ்ஸில் அக்காவிடம் சொல்லிக் குறைபட்டேன்.

"நா இன்னா பண்ணேன்? உள்ள இருந்தத வெளிய எடுத்தேன். அவ்ளோதான்" என்றார்.

அந்த வார்த்தையால் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. இந்த மாதிரி ஒருத்தருக்கு வீட்டில் எப்படிக் காலம் போகும் என்று நினைத்தேன்.

அக்காவின் தாய்வீடு பழவேற்காட்டில். அப்பா கருவாடும் இறாலும் வாங்கி விற்கும் வியாபாரி. கணவருக்குப் பொன்னேரியில் பாத்திரக் கடை. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. அது யாருடைய குறை என்று பார்க்க இரண்டு பேருக்கும் எல்லாப் பரிசோதனைகளையும் இரண்டிரண்டு தடவை செய்ததாக ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னார். இருவரிடமும் குறை ஒன்றும் இல்லையாம். அதையும் அவர் நம்பவில்லை. கணவர் இதுவரை ஒரு வார்த்தை கோபமாகப் பேசியதில்லை என்றும், அதுதான் தன்னால் தாங்க முடியவில்லை என்றும் சொன்னார்.

அவர் எப்போதும் அடர்ந்த நிறத்தில்தான் உடுத்துவார். லாக்கரில் மாற்றுத்துணி ஒன்று எப்போதும் இருக்கும். நின்று செய்கிற வேலைக்கு ஸ்டூல் கேட்டு வாங்கியிருந்தார். மாடிப்படியில் பாதியில் நின்று, யாருக்கோ போன் செய்வது போல் மூச்சு வாங்குவார். நகங்கள் வெள்ளைவெளேர் என்று இருந்தன. நான் நாள் முழுக்க எலிகளின் கர்ப்பப்பையைப் பார்த்துக்கொண்டு அவருக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

அறிக்கை போன கொஞ்ச நாளில் ஒரு சனிக்கிழமை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மேசையிலேயே சாப்பிட்டுவிட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் ஏற்றி, இடத்தையும் சரிசெய்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்லைட நவுத்தாதமா. பாத்து மட்டும் சொல்லு."

பார்த்தேன். சுரப்பிகள் ஒன்றோடொன்று முதுகை ஒட்டி நெருக்கியடித்திருந்தன. நடுவில் இடைவெளியே இல்லை. செல்கள் வரிசை கலைந்து, கருக்கள் உப்பி உருண்டிருந்தன. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"இருக்கறதுலயே மோசமான கிரேடுக்கா. இது எதுவும் குடுக்காத குரூப்பா?"

அப்போதுதான் ஒன்று உறைத்தது. எலியின் கர்ப்பப்பையைக் குறுக்கே வெட்டினால் புடலங்காய் வில்லை போல் வட்டமாக, சுற்றிலும் தசையோடு இருக்கும். இதில் தசையே இல்லை. சுரண்டி எடுத்த துணுக்குகள் மட்டும் இருந்தன. சுரப்பிகளும் எலிக்குப் பெரியவை.

"இது எலி இல்லையேக்கா."

"இல்ல."

"யாருது?"

"முப்பத்தொம்போது வயசு. ஒரு புள்ள பொறக்காதான்னு பாத்துக்கினுகிறவ." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "என்னுதுதாம்மா" என்றார்.

மூன்று வருஷமாக ரத்தம் போய்க்கொண்டிருந்ததாம். முதலில் உடம்புச் சூடு என்று விட்டுவிட்டார். பிறகு வயது என்று விட்டுவிட்டார். போன மாதம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சுரண்டி எடுத்துப் பரிசோதித்து, புற்றுநோய்க்கு முந்தின கட்டம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொன்னார்கள். அக்கா அதை நம்பவில்லை. எழுதிக் கொடுத்துத் தன்னுடைய மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்கி, கைப்பையில் வைத்து எடுத்து வந்து, எலிகளுக்குச் சீவும் அதே கருவியில் தன் சதையைச் சீவியிருந்தார். இரண்டு ஏடு எடுத்திருந்தார். நான் பார்த்தது இரண்டாவது. முதலாவதிலும் அதேதான் இருக்கிறது என்று அவரே சொன்னார்.

"இன்னொரு கட்டிங் போட்டுக்கினு வர்றேன்" என்று உள்ளே போனார்.

சீவிச் சாயம் ஏற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. நானும் கூடவே போய் நின்றேன். அவர் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. எலிகளின் கட்டிக்கு எவ்வளவு நிதானமோ அவ்வளவே நிதானமாகக் கருவியின் சக்கரத்தைச் சுற்றினார். கட்டியில் சதை தீர்ந்துகொண்டே வந்தது.

மூன்றாவது ஸ்லைடை நான் வெகுநேரம் பார்த்தேன். துணுக்குகள் குறைந்திருந்தன. பெரும்பாலும் சாதுவான சுரப்பிகள். ஆனால் இடதுபக்க ஓரத்தில் அந்த நெருக்கம் இருந்தது. சின்ன இடம், சந்தேகத்துக்கு இடமில்லாத இடம். எலியாக இருந்திருந்தால் அதே மோசமான கிரேடை எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். தலையைத் தூக்கினேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பெண்ணைப் போல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ரொம்பக் கம்மியா இருக்குக்கா. பரவால்ல" என்றேன்.

அவர் திருப்பிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். நகரு, நான் பார்க்கிறேன் என்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் அடுத்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் மைக்ரோஸ்கோப் பக்கமே வரவில்லை.

"அப்போ கொஞ்ச நாளு பாக்கலாம் இல்ல?"

நான் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் வேண்டாம், குழந்தை வேண்டும் என்று சொல்லிவிட்டார். டாக்டர் அரைமனதாக ஒப்புக்கொண்டு ஹார்மோன் மாத்திரை எழுதித் தந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சுரண்டிப் பார்க்க வேண்டும், இரண்டு தடவை தொடர்ந்து சுத்தமாக வந்தால்தான் குழந்தைக்கு முயற்சி, இல்லையென்றால் ஆபரேஷன்தான் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அது எங்கள் எலிகளுக்குக் கொடுத்த பழைய மாத்திரையேதான். அக்கா அட்டையைப் பிரித்துப் பெயரைப் பார்த்துவிட்டு, "நா இப்போ அஞ்சாவது குரூப்பு" என்றார். அந்தக் குரூப்பில் எத்தனை எலிகளுக்குக் குணமானது, எத்தனைக்கு ஆகவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே மனப்பாடம்.

மூன்று மாதம் கழித்து முதல் பரிசோதனை சுத்தமாக வந்தது. பஸ்ஸில் ஏறிய அக்கா டிரைவரிடம் எதுவும் கேட்காமல் நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தார். கட்டியை வாங்கி வந்தீர்களா என்று கேட்டேன்.

"எதுக்கு? நல்லாத்தான் எழுதிக்கீறாங்க" என்றார்.

அவர் முகம் அப்படிப் பூரித்து நான் பார்த்ததில்லை. அடுத்த பரிசோதனைக்குக் கட்டாயம் போங்கள் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவது ஸ்லைடின் ஓரத்தில் என்ன இருந்தது என்றும் சொல்லியிருக்க வேண்டும். நான் ரிப்போர்ட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அந்த மாதமே எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. கிளம்பிவிட்டேன்.

அக்கா இரண்டாவது பரிசோதனைக்குப் போகவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுக் குழந்தைக்காக வேறொரு டாக்டரிடம் போனார். போனில் பேசும்போதெல்லாம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். பெருநாளுக்கு வாட்ஸப்பில் வாழ்த்து அனுப்புவார். ரத்தம் திரும்ப வந்ததை என்னிடம் சொல்லவில்லை. கணவரிடமும் ஆறேழு மாதம் சொல்லவில்லை. கணவர்தான் ஒரு நாள் என்னைப் போனில் கூப்பிட்டார். சென்னையில் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும் நுரையீரல் வரை போய்விட்டதாகவும் சொன்னார். பார்க்க வேண்டும் என்று கேட்கிறாள், முடியுமா என்றார்.

போனேன். கட்டிலில் அக்காவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு சிறுத்திருந்தார். வழியெல்லாம் மூன்றாவது ஸ்லைடைப் பற்றி ஒரே வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் என்னைப் பேசவே விடவில்லை. மூச்சுக்கு நடுவில் அந்தப் புது மருந்து வெளியே வந்ததா என்று கேட்டார்.

"இல்லக்கா. அத அப்பவே விட்டுட்டாங்க."

"நா அன்னிக்கு கம்முனு இருந்திருந்தா வந்திருக்கும் இல்ல?"

அந்த மருந்து சரியாக வேலை செய்யவில்லை, உள்ளே இருந்ததைத்தானே நீங்கள் எடுத்தீர்கள் என்றேன். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எலிக்கு அந்த மருந்து கேக்கலன்னா இன்னா. எனக்குக் கேட்டிருக்குமோ இன்னாவோ."

வாழ்நாள் முழுக்கத் தன் கண்ணையும் கையையும் மட்டுமே நம்பிய மனுஷி கடைசியில் அவை செய்த மிக நேர்மையான காரியத்தையும் சந்தேகப்பட்டார். தயார் செய்த வாக்கியத்தைச் சொல்லாமலே திரும்பினேன். பத்து நாளில் போய்விட்டார். பழவேற்காட்டில் அடக்கம் செய்தார்கள். நான் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த பிறகு பொன்னேரியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்காவின் கணவர் மெலிந்த மனிதர். கடையை மதியமே சாத்திவிட்டு வந்திருந்தார். எனக்கு நாற்காலி போட்டு, தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அக்கா என்னைப் பற்றி எவ்வளவு பேசுவார் என்று சொன்னார். பிறகு என்னைச் சமாதானப்படுத்துவது போல,

"எங்க டாக்டரம்மாவே பாத்துச்சு, ரொம்பக் கம்மியாதான் கீதுன்னு சொல்லிச்சுன்னு அவ சொன்னா. அப்புறம்தான் நானும் ஆபரேஷன் வேணாம்னேன். படிச்சவங்களே பாத்துச் சொல்லும்போது நம்ம கையில இன்னா இருக்குது? அல்லாவோட நாட்டம்" என்றார்.

அவர் குரலில் குற்றச்சாட்டு துளியும் இல்லை. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். மூன்றாவது ஸ்லைடிலும் நோய் இருந்தது, எனக்கு நன்றாகவே தெரிந்தது, அக்காவின் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. அதை மறைக்க விரும்பவில்லை.

அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"இத எங்கிட்ட ஏம்மா சொன்ன?" என்றார். "எங்க கையில ஒண்ணும் இல்லன்னுதான் இத்தினி நாளா சோறு தின்னுக்கினு இருந்தேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன். கிளம்பினேன். தனியாகப் போக வேண்டாம் என்று தன் வண்டியில் என்னைப் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்தார். திருவள்ளூர் பஸ் வர அரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை என் பக்கத்திலேயே நின்றார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை.